அவளைக் கேட்க ஓர் ஆள்

வருகைப் பதிவேட்டில் அந்த மாணவியின் பெயருக்கு நேரே எத்தனை 'ஏ' போட்டேன் என்று இப்போது எண்ணிப் பார்க்க முடியாது. பதிவேடு அலுவலகத்துக்குப் போய்விட்டது. போட்ட கை மட்டும் என்னிடம் இருக்கிறது.

இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. உளுந்தூர்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பெண். அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். முதல் வகுப்புக்குப் பெரும்பாலும் வர மாட்டாள். "காலையில எழுந்திருக்க முடியல மேம், விரலெல்லாம் மடங்க மாட்டேங்குது" என்று ஒருமுறை சொன்னாள். இருபது வயதில் விரல் மடங்காமல் போகுமா என்று நினைத்தேன். மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னத்தில் படர்ந்திருந்த கருமையை மங்கு என்று நினைத்தேன். முடி கொட்டியதை ரத்தசோகை என்று நினைத்தேன். இவ்வளவு நினைத்த நான் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்று எச்சரித்தேன். அந்தப் பருவத் தேர்வை அவள் எழுதவில்லை.

பிறகு ஒருநாள் அவளுடைய அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தார். "பொண்ணு சோம்பேறி இல்லீங்க டீச்சர். இதப் பாருங்க" என்று காகிதங்களை மேசைமேல் பரப்பினார். உடம்பு வலிக்கு ஊசி, காய்ச்சலுக்கு மாத்திரை, வாய்ப் புண்ணுக்குச் சூடு என்று எழுதிய சீட்டுகள், சத்து டானிக் ரசீதுகள். கடைசியாகப் புதுச்சேரி ஜிப்மரின் நோட்டு. அதில் எஸ்.எல்.இ. என்று எழுதியிருந்தது. லூபஸ். முதல் சீட்டுக்கும் அந்த நோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று வருடம்.

மறு வருடம் அவள் வகுப்புக்குத் திரும்பினாள். ஒருநாள் வராந்தாவில் நிழலாகப் பார்த்து நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்: "மேம், எனக்கு இது ஏன் வந்துச்சுன்னு யாராவது கண்டுபிடிச்சிட்டு இருக்காங்களா?"

"மருந்து குடுக்கிறாங்கல்ல, ஒழுங்கா சாப்பிடு" என்றேன்.

அவள் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. இந்தக் கட்டுரை அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியது.

*

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தில் ஓநாய் கடித்ததுபோல் புண் வருகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் வைத்த பெயர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி உடலையே தாக்குகிற நோய் இது. மூட்டு, தோல், ரத்தம், சிறுநீரகம், மூளை என எங்கே வேண்டுமானாலும் தாக்கும். வரும், அடங்கும், மீண்டும் வரும். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலோர் பூப்படைந்ததற்கும் மாதவிடாய் நிற்பதற்கும் இடைப்பட்ட வயதினர்.

ஏன் பெண்களுக்கு? ஹார்மோன் என்று பல காலம் பொதுவாகச் சொல்லிவந்தார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் சாங்கின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் ஒன்றை உடல் அடக்கி வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது 'எக்ஸிஸ்ட்' என்ற மூலக்கூறு. அதோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களை எதிர்ப்பு சக்தி அந்நியமென்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்று எலிகளை வைத்துக் காட்டினார்கள். ஆண் எலிகளில் அந்த மூலக்கூறை உருவாக்கியபோது, நோய்க்கு இடங்கொடுக்கும் வகை எலிகளில் லூபஸ் போன்ற நோய் தீவிரமானது. முழு விடை இதுவல்ல. ஆனால் என் மாணவி கேட்ட கேள்வியை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தொலைவில் மட்டும் இல்லை. புதிதாக லூபஸ் கண்டறியப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வொன்று இந்தியாவில் நடக்கிறது. 'இன்ஸ்பயர்' என்று பெயர். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நிதி கொடுக்கிறது. பத்து மையங்கள் சேர்ந்து செய்யும் இந்த ஆய்வை லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்திலிருந்து நடத்துபவர் அமிதா அகர்வால் என்ற பெண் மருத்துவர். பத்து மையங்களில் ஜிப்மரும் ஒன்று. என் மாணவி விடியற்காலையில் கிளம்பி, விழுப்புரத்தில் பஸ் மாறிப் போகிற அதே ஜிப்மர். அவள் கேட்ட அன்று எனக்கு இது தெரிந்திருந்தால், "கண்டுபிடிச்சிட்டு இருக்காங்க, நீ போற ஆஸ்பத்திரியிலயே" என்று சொல்லியிருப்பேன். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். மருந்தைச் சாப்பிடு என்றேன். பெண்களின் கேள்விகளுக்கு நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் அது.

*

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் திறந்துவைத்தார். அவற்றில் ஒன்று எங்கள் கள்ளக்குறிச்சியுடையது. மாவட்டமே 2019இல் பிறந்தது. எங்களுக்கு அது பெரிய செய்தி. அந்தக் கல்லூரியில் லூபஸ் போன்ற நோய்களைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தி, ஆய்வும் செய்யும் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று ஒரு மாலை ஓய்வறையில் பேச்சுவாக்கில் சொன்னேன். என்னைவிட மூத்த தோழி ஒருவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ கவிதை எழுதுறவ, சொல்லிட்டுப் போயிடுவ. கல்வராயன் மலையில பிரசவ வலி வந்தா கீழ எறக்குறதுக்குள்ள உசுரு போயிடுது. மயக்க மருந்து குடுக்க ஆள் இல்லைனு கேஸ அனுப்பி வெக்கிறாங்க. இதுல லட்சத்துல நாலு பேருக்கு வர்ற நோய்க்கு ஆராய்ச்சிக்காரர் வேணுமா?"

கேலி செய்ய முடியாத கேள்வி. 2024 ஜூனில் கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. சாலையும் ஆம்புலன்சும் வழக்காடிப் பெற வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு ஆய்வாளர் கேட்பது ஆடம்பரமா? சில நாள் இதை மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். முதலில் அவர் சொன்ன 'நாலு பேர்' எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

இந்தியாவில் லூபஸ் எத்தனை பேருக்கு என்பதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் கணக்கு 1993இல் வெளிவந்தது. ஏ. என். மாளவியாவும் அவருடைய குழுவினரும் டெல்லி அருகே கிராம மக்களிடையே எடுத்த கணக்கு. ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 3. அமெரிக்காவில் அரசின் நோய்ப் பதிவேடுகளைக் கொண்டு 2021இல் வெளியான மதிப்பீடு ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 73, பெண்களில் மட்டும் எடுத்தால் 129. எங்கள் மாவட்ட மக்கள்தொகை 2011 கணக்கின்படி 13.7 லட்சம். முதல் கணக்கை வைத்துப் பெருக்கினால் மாவட்டத்தில் 41 பேர். இரண்டாவதை வைத்தால் ஏறத்தாழ ஆயிரம்.

அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். மரபும் சூழலும் வேறு. ஆனால் 41க்கும் ஆயிரத்துக்கும் நடுவில் இருக்கிற பெண்கள் யார் என்று சொல்ல மாவட்டத்தில் ஆள் இல்லை. மங்கு என்றும் சூடு என்றும் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். 'எத்தனை பேருக்கு இருக்கிறது' என்ற கணக்கில் இன்னொரு கண்ணியும் உண்டு. அது உயிரோடு இருப்பவர்களை மட்டுமே எண்ணும். சீக்கிரம் செத்துப்போகிறவர்கள் உள்ள ஊரில் நோய் அரிதாகத்தான் தெரியும். அரிதாகத் தெரிவதால் மருத்துவர் வர மாட்டார். மருத்துவர் வராததால் சீக்கிரம் சாவார்கள். எண்ணிக்கை குறைவு என்பது பணியிடம் இல்லாததற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பணியிடம் இல்லாததும் எண்ணிக்கை குறைவதற்கு ஒரு காரணம்.

இதே வாதத்தை முத்துலட்சுமி ரெட்டி எதிர்கொண்டிருக்கிறார். தங்கை புற்றுநோயில் இறந்த பிறகு, அதற்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்தார். பிழைக்காத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று நினைத்த காலம் அது. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு வி. சாந்தா அங்கே சேர்ந்தார். 2021 ஜனவரியில் இறக்கும் வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் எவ்வளவு என்று முறையாக எண்ணும் பதிவேடு அந்த நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்தில்தான் வந்தது. மருத்துவமனை முன்னால், கணக்கு பின்னால். எண்ணிக்கை வரட்டும், பிறகு கட்டலாம் என்று காத்திருந்தால் இரண்டும் வந்திருக்காது.

என் தோழிக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான்: மயக்க மருந்து மருத்துவரா, லூபஸ் ஆய்வாளரா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவர்கள் இரண்டும் உள்ள ஊரில் இருக்கிறார்கள். சென்னையில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பட்டினி கிடப்பவளிடம் சோறா, புத்தகமா என்று கேட்டால் அவள் சோறு என்பாள். அதைச் சாக்காக வைத்து அவளுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை என்று எழுதிவைப்பது நியாயம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. லூபஸ் தெரிந்த மருத்துவர் லூபஸ் மட்டும் பார்க்கப் போவதில்லை. முடக்குவாதத்தையும் அவர்தான் பார்ப்பார். அதை மாளவியா குழு அதே காலத்தில் கணக்கெடுத்தது. வயது வந்தவர்களில் ஆயிரத்தில் ஏழெட்டுப் பேர். அதிலும் பெண்களே அதிகம். கை விரல் கோணிப்போய், நாற்று முடி பிடிக்க முடியாமல், 'வயசாயிடுச்சு' என்று நாற்பதிலேயே ஒதுக்கப்பட்ட பெண்களை நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

*

ஆனாலும் 'சரி, ஒரு நல்ல வைத்தியர் வந்தால் போதுமே, ஆய்வாளர் எதற்கு' என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. என் மாணவியின் கேள்வியும் இங்கேதான் இருக்கிறது.

சங்கப் பாடல்களில் வெறியாட்டு நடத்தும்போது நான் வழக்கமாகச் சொல்கிற ஒன்று உண்டு. தலைவி மெலிகிறாள், நெற்றியில் பசலை பாய்கிறது, வளை கழல்கிறது. தாய் பதறி வேலனை அழைக்கிறாள். வேலன் களம் அமைத்து, கழங்குகளை இட்டுப் பார்த்து, முருகன் செய்த நோய் இது என்று சொல்லி, ஆட்டை அறுக்கிறான். நோய் என்ன என்று தலைவிக்குத் தெரியும். தோழிக்குத் தெரியும். தெய்வமாக இருந்தாலும் நீ அறியாமை உடையவன்தான் என்று வெறிக்களத்துக்கு வந்த முருகனையே கேலி செய்யும் ஒரு பாட்டும் நற்றிணையில் இருக்கிறது. வேலன் எல்லாவற்றையும் கேட்டான், அவளை மட்டும் கேட்கவில்லை. கழங்கைக் கேட்டான்.

இதை இருபது வருடமாக வகுப்பில் சொல்லிக்கொண்டு, பதிவேட்டைக் கழங்காக்கி வைத்திருந்தவள் நான்.

சிகிச்சை என்பது தெரிந்ததைத் தருவது. நல்ல வைத்தியர் தனக்குத் தெரிந்த மருந்தை அன்போடு தருவார். ஆய்வு என்பது 'எனக்குத் தெரியவில்லை, நீ சொல்' என்று கேட்பதில் தொடங்குகிறது. முதலாமவர் முன் பெண் வாங்கிக்கொள்பவள். இரண்டாமவர் முன் அவள் சாட்சி. நமக்கு இதுவரை முதல் உறவு மட்டுமே பழக்கம். மருந்து கேட்கக் கற்றுக்கொண்டோம். நம் உடலைப் பற்றித் தெரியாததைத் தெரிந்துகொள்ளும் கடமையை வேலையாக ஏற்ற ஒருவரைக் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் முடியும்போது மருத்துவத்தை நான்கு கூறாகச் சொல்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்த்துக்கொள்பவர். நோயாளியை மருத்துவத்துக்கு வெளியே நிற்பவராக வைக்காமல் மருத்துவத்தின் பகுதியாக, அதுவும் முதல் பகுதியாக வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே 'உற்றவன்' என்று ஆண்பாலில் இருப்பது பிடிக்கவில்லை. பத்துக்கு ஒன்பது 'உற்றவள்' உள்ள நோயில் அந்த முதல் இடம் காலியாகவே கிடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. லூபஸ் உள்ளவர்களில் பலருக்கு வெயில் பட்டால் நோய் கிளம்பும். எனவே உலகம் முழுவதும் மருத்துவர்கள் ஒரே அறிவுரை சொல்கிறார்கள்: வெயிலில் போகாதே, வெயில் தடுப்புக் களிம்பு தடவு. என் மாணவிக்கும் சொன்னார்கள். அவளுடைய அம்மாவுக்கு இதே நோய் வந்திருந்தால்? கரும்பு வெட்டும் பெண்ணுக்கு, மரவள்ளிக் காட்டில் களை வெட்டும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு 'வெயிலில் போகாதே' என்பது 'சாப்பிடாதே' என்பதற்குச் சமம். அப்படியானால் எவ்வளவு வெயில்? காலை ஏழு மணி வெயிலா, பதினோரு மணி வெயிலா? ஆம்பிளைச் சட்டையை மேலே போட்டுத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நடவு நடுகிறார்களே, அந்த உடுப்பு எவ்வளவு காக்கும்? சேற்று நீரில் எதிரொளிக்கும் வெயில் எவ்வளவு சேர்க்கும்? பாஸ்டனில் உட்கார்ந்து யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை. கேட்காததில் அவர்கள் தவறும் இல்லை. இது எங்கள் ஊர்க் கேள்வி.

பாடப்புத்தகங்களில் லூபஸ் தடிப்பை வண்ணத்துப்பூச்சி வடிவச் சிவப்பு என்று எழுதியிருக்கிறார்கள். வெள்ளைத் தோலில் அது சிவப்பு. எங்கள் தோலில் கருப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. படிக்கும்போது சிவப்பைத் தேடக் கற்ற கண், மங்கைத்தான் பார்க்கும். நான் பார்த்ததுபோல.

கருச்சிதைவு இன்னொன்று. லூபஸோடு சேர்ந்தும் தனியாகவும் வரக்கூடிய ஒரு நிலையில், ரத்தம் உறையும் தன்மை கூடி, கரு மீண்டும் மீண்டும் கலையும். 1983இல் லண்டனில் கிரகாம் ஹியூஸும் அவருடன் இருந்தவர்களும் இந்த நிலையை அடையாளம் காட்டினார்கள். ஆஸ்பிரின், ஹெபாரின் என்ற பழைய மருந்துகளைக் கொண்டே பல கருக்களைக் காப்பாற்ற முடிகிறது. நம் ஊரில் மூன்று முறை கலைந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. இரண்டாம் கல்யாணத்துக்குப் பந்தல் போடப்பட்ட எத்தனை வீடுகளில் முதல் மனைவிக்குத் தேவைப்பட்டது ஒரு ரத்தப் பரிசோதனை மட்டுமே என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

*

ஆய்வு என்ற சொல்லுக்கு நம்மிடம் நல்ல பெயர் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டு ஒரு செயல்முறை ஆய்வு நடந்தது. 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பு நடத்தியது. கம்மத்தில் பல சிறுமிகள் பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010இல் அரசு அதை நிறுத்தியது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்லதா என்பது தனிக் கேள்வி. யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. கல்வராயன் மலை விடுதிகளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

2020 மார்ச் மாதம் இன்னொரு பாடம். லூபஸ் பெண்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயின். கொரோனாவுக்கு அது உதவும் என்று ஒரு நம்பிக்கை கிளம்பியது. மருத்துவப் பணியாளர்கள் தடுப்பு மருந்தாகச் சாப்பிடலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தது. கடைகளில் மாத்திரை காணாமல் போனது. சில நாட்களில் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரலில் அமெரிக்கா கேட்டதும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஜூனில் பிரிட்டனின் பெரிய ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று சொன்னது. அதற்குள் பல லூபஸ் பெண்கள் தங்கள் மாத்திரைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார்கள். உலகமே பேசிய ஒரு மாத்திரை. அதை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை முதலில் நினைத்தவர்கள் குறைவு. அவர்களுக்காகப் பேசியவர்கள் வாதநோய் மருத்துவர்கள்தான். தங்களுக்கென்று ஒரு மருத்துவர் இருந்த பெண்களுக்குக் குரல் இருந்தது.

எனவே ஆய்வாளர் வேண்டாம் என்பது என் முடிவு இல்லை. வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிற ஆய்வாளர் வேண்டாம். இங்கேயே இருந்து, எடுத்ததற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் வேண்டும். கம்மத்துச் சிறுமிகளுக்கும் லூபஸ் பெண்களுக்கும் இல்லாமல் போனது ஒன்றுதான்: தெரிந்த முகம், அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும் முகம்.

*

அப்படி ஒருவரை எப்படி அமர்த்துவது?

இன்றைய வழி எனக்குத் தெரிந்த அளவில் இது. அரசு மருத்துவர்களை 2012இல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு செய்கிறது. மருத்துவக் கல்லூரியில் எந்தத் துறைக்கு எத்தனை ஆசிரியர் என்பது மாணவர் எண்ணிக்கையையும் படுக்கை எண்ணிக்கையையும் பொறுத்து விதிப்படி வருகிறது. எம்.பி.பி.எஸ். நடத்த வாதநோய்த் துறை கட்டாயம் இல்லை. விதி கேட்காததால் யாரும் கேட்பதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் ஏ. என். சந்திரசேகரனும் வேலூர் சி.எம்.சி.யில் தேபாஷிஷ் தந்தாவும் துறைகளைக் கட்டியெழுப்பியது விதி கேட்டதால் அல்ல. யாரோ ஒருவர் பிடிவாதமாக இருந்ததால்.

வரப்போகிறவர் பெண்ணாக இருந்தால் அவருடைய வயதை நினைத்துப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. மூன்று வருடம், டி.எம். மூன்று வருடம். படித்து முடிக்க முப்பதாகும். லூபஸ் வருகிற வயதும் அதுதான். கல்யாணம் செய், பிள்ளை பெறு என்று வீடு நெருக்குகிற வயதும் அதுதான். ஒரே பத்து வருடத்தில் ஒருத்தி நோயாளியாகிறாள், இன்னொருத்தி மருத்துவராகிறாள், இரண்டு பேரையும் ஒரே கேள்வி துரத்துகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் மருத்துவரிடம் நேர்காணலில் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வியும், கணவருக்கு எந்த ஊரில் வேலை என்று மூன்று கேள்விகளும் கேட்டார்களாம். விரிவுரையாளர் வேலைக்குப் போனபோது என்னிடமும் முனைவர் பட்ட ஆய்வைவிடக் கைக்குழந்தையைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1890களில் இங்கிருந்து சென்னை போகும் வழியில் உள்ள திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளைப் பார்க்க வரச் சொல்லி ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவர் மருத்துவர் இல்லை. மருத்துவரான அவருடைய அப்பா வருவார் என்றபோது, அந்நிய ஆண் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் வேலூர் வந்து, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இந்தக் கதையைத் தியாகக் கதையாகவே எங்களுக்குச் சொன்னார்கள். இப்போது எனக்கு அதில் உறுத்துவது வேறு. ஒரு பெண் தன் வாழ்க்கையையே கொடுத்தால்தான் இன்னொரு பெண்ணுக்கு மருத்துவர் கிடைப்பார் என்றால் அது ஏற்பாடு இல்லை, அதிர்ஷ்டம். தியாகிகளைத் தேட வேண்டாம். ஒருவர் எட்டு மணி நேரம் வேலை செய்து, மாலையில் தன் பிள்ளையோடு சாப்பிட்டு, அடுத்த நாளும் வருகிற பணியிடம் ஒன்றை உண்டாக்குங்கள்.

அந்தப் பணியிடத்துக்கு நான் விளம்பரம் எழுதினால் இப்படி எழுதுவேன். வாரத்தில் இரண்டு நாள் ஆய்வுக்கு. அந்த நாட்களில் வேறு டியூட்டி போடக்கூடாது. குடியிருக்க வீடும் குழந்தைகள் காப்பகமும் உண்டு. மாதம் ஒருமுறை வெள்ளிமலைக்கு மருத்துவர் மேலே போக வேண்டும், நோயாளிகள் கீழே இறங்கி வர வேண்டியதில்லை. ஆய்வில் தெரிந்தது எதுவானாலும் ஆங்கில இதழில் அச்சாகும்போதே தமிழில் அந்தப் பெண்களுக்குச் சொல்லப்பட வேண்டும். கடைசியாக, தேர்வுக் குழுவில் ஒரு நாற்காலி லூபஸ் உள்ள ஒரு பெண்ணுக்கு. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னால் எழுதிக்கொள்வீர்களா?"

என் மூத்த தோழி இதைப் படித்துவிட்டு, "மயக்க மருந்து டாக்டரையும் சேர்த்துக் கேளு" என்றார். சேர்த்தே கேட்கிறேன்.

*

அந்த மாணவி விட்டுப்போன தேர்வை அடுத்த வருடம் எழுதினாள். படிப்பை முடித்துவிட்டாள். போன மாதம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். குடை வைத்திருந்தாள். ஜிப்மருக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினாள். முதல் பக்கத்திலிருந்து தேதி போட்டு எழுதியிருந்தாள். இன்றைக்கு வெயிலில் ஒரு மணி நேரம், சாயங்காலம் காய்ச்சல். இன்றைக்கு மேகமூட்டம், வலி இல்லை. மாதவிடாய்க்கு முந்தின நாள் விரல் வீக்கம். கத்தரிக்காய் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அம்மாவோடு சண்டை, வாய்ப் புண்.

"யாராவது கேட்டா குடுக்கலாம்னு எழுதுறேன் மேம்" என்றாள்.

அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பதை வேலையாகக் கொண்ட ஒருவருக்கு இந்த மாவட்டத்தில் சம்பளம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இப்போதைக்கு அதை நான் வாங்கி வந்து படித்துக்கொண்டிருக்கிறேன். பாதி புரியவில்லை.